பழுதுபார்ப்புக் கடைக்கு ஒரு நெட்வொர்க் இமேஜிங் ஏற்பாடு: நிகழ்வு ஆய்வு

கடையும் கோரிக்கையும்

திருநெல்வேலி சந்திப்பிலிருந்து நடந்து போகிற தொலைவில் உள்ள ஒரு சிறிய கணினிப் பழுதுபார்ப்புக் கடைதான் இந்த ஆய்வின் களம். உரிமையாளரையும் சேர்த்து மூன்று பேர் வேலை செய்கிறார்கள். வேலை மேசைகளும் மூன்று. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுவது, வைரஸ் புகுந்த இயந்திரத்தைத் துடைத்துக் கொடுப்பது, அப்டேட் பாதியில் நின்று நீலத் திரையோடு வருவதை எழுப்புவது என்று எந்த வழியாக உள்ளே வந்தாலும், வருகிற இயந்திரங்களில் பாதிக்கு மேல் கடைசியில் ‘ஓஎஸ் போடும்’ வேலையில்தான் வந்து நிற்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிகிறது என்ற செய்தி பரவத் தொடங்கியதும் அந்த வேலை மேலும் குவிந்தது. அந்த ஆண்டு ஜூலையில்தான் உரிமையாளர் என்னை அழைத்தார்.

“ஒரு தடவை நல்லா இமேஜ் எடுத்து வச்சுட்டா, லேன் வயரைச் சொருகுனதும் எல்லாம் தானா ஏறிக்கணும் அண்ணாச்சி” என்பதுதான் அவர் கேட்டது. இமேஜ் என்பது ஒரு டிஸ்க்கில் உள்ளதை அப்படியே கோப்பாக எடுத்து வைக்கும் நகல். அதுவரை கடையில் நடந்தது பென் டிரைவ் வேலை. வென்டாய் (ஒரே பென் டிரைவிலிருந்து பல நிறுவல் கோப்புகளை எழுப்ப விடும் நிரல்) போட்ட நான்கு பென் டிரைவ்கள் மேசைக்கு மேசை மாறிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று எப்போதும் யாரோ ஒருவரின் சட்டைப் பையில் இருந்தது. எந்தப் பென் டிரைவில் எந்த மாதத்து விண்டோஸ் இருக்கிறது என்பது அதைத் தயாரித்தவருக்கு மட்டுமே தெரியும்.

எதையும் வாங்கும் முன் இரண்டு நாள் ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டேன். எஸ்எஸ்டி உள்ள மடிக்கணினியில் விண்டோஸ் ஏறுவதற்கு ஆனது பதினைந்து நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் போயிற்று: முன்னே வாடிக்கையாளரின் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுப்பது, பின்னே டிரைவர் தேடுவது, அப்டேட் இறங்கக் காத்திருப்பது, பிரௌசர், பிடிஎஃப் ரீடர், தமிழ்த் தட்டச்சு, பிரின்டர் என்று ஒவ்வொன்றாக ஏற்றுவது. ‘இமேஜிங்’ என்று உரிமையாளர் மனத்தில் வைத்திருந்தது அந்தப் பதினைந்து நிமிடத்தைக் குறைக்கும் ஏற்பாடு. இதை அவரிடம் அப்போதே சொன்னேன் என்றாலும், அதன் முழுப் பொருள் எனக்கே பின்னால்தான் விளங்கியது.

முதல் தேர்வு

நெட்வொர்க் வழியாக வட்டுப் படிமம் ஏற்றுவதற்கு இன்று பல வழிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். கணினியை எழுப்பும்போது, டிஸ்க்கை விட்டு நெட்வொர்க்கிலிருந்தே எழும்பும் பிஎக்ஸ்இ வழியைத் தேர்ந்தால், அதன் நெட்வொர்க் அட்டை முதலில் டிஎச்சிபி மூலம் தனக்கொரு ஐபி முகவரியைக் கேட்கும். அதோடு சேர்த்து, எந்தச் சர்வரில் எந்தக் கோப்பை எடுத்து எழும்ப வேண்டும் என்பதையும் கேட்கும். பதில் கிடைத்தால் அந்தச் சிறு கோப்பை இறக்கி அதிலிருந்து மேற்கொண்டு நடக்கும். இன்டெல் 1999இல் வெளியிட்ட அந்த வரையறைதான் இன்றுவரை இதற்கு அடிப்படை.

பழைய தொழில்நுட்பர்கள் இந்த வேலையை இன்னும் ‘கோஸ்ட் அடிப்பது’ என்றே சொல்கிறார்கள். நியூசிலாந்தில் பிறந்து, 1998இல் சைமன்டெக் கைக்குப் போன கோஸ்ட், 2013இல் நார்ட்டன் கோஸ்ட் என்ற பெயரில் விற்பனை நின்ற பிறகும் வினைச்சொல்லாகத் தங்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் டிப்ளாய்மென்ட் சர்வீசஸ் கணக்கிலேயே வரவில்லை: அதற்கு விண்டோஸ் சர்வர் உரிமம் வேண்டும்; விண்டோஸ் 11 நிறுவல் வட்டில் உள்ள பூட் கோப்பை அதில் நேரடியாகப் பயன்படுத்தும் முறையையும் மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது. மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்புக்கு 2024 தொடக்கத்தோடு ஆதரவு முடிந்துவிட்டது. மிஞ்சியவை இரண்டு: ஃபாக், குளோன்ஜில்லா.

முதலில் ஃபாக்கைத்தான் தேர்ந்தேன். 2007இல் தொடங்கிய இந்தத் திறமூலத் திட்டம் லினக்ஸ் சர்வர் ஒன்றில் அமர்ந்துகொண்டு, பிரௌசர் வழியாக எல்லாவற்றையும் நடத்த விடுகிறது. எந்த இயந்திரத்துக்கு எந்த இமேஜ் என்று ஒரு பட்டியலில் குறித்துவிட்டால், அந்த இயந்திரம் நெட்வொர்க்கில் எழும்பியதும் வேலை தானாக நடக்கும். சிறிய டிஸ்க்குக்கும் பெரிய டிஸ்க்குக்கும் ஏற்றபடி பார்ட்டிஷனைச் சுருக்கி விரிக்கவும் அதற்குத் தெரியும். பள்ளி ஆய்வகத்துக்கோ கல்லூரிக்கோ இதைவிட நல்ல இலவச ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. இன்றும் அதே கருத்துத்தான்.

முதல் நாளே ஒரு தவறு செய்தேன். ஃபாக்கை நிறுவும்போது டிஎச்சிபி சேவையையும் அதுவே நடத்தட்டுமா என்று கேட்கும் இடத்தில் ‘ஆம்’ என்று கொடுத்துவிட்டேன். கடையில் இணைய நிறுவனம் வைத்துவிட்டுப் போன ரூட்டர் ஏற்கெனவே டிஎச்சிபி நடத்திக்கொண்டிருந்தது. ஒரே வயரில் இரண்டு பேர் முகவரி கொடுக்கத் தொடங்கியதும் யார் முந்துகிறாரோ அவர் சொல்வதே சட்டம் என்றாயிற்று. அரைமணி நேரத்தில் பில்லிங் கணினியில் இணையம் போயிற்று. சிசிடிவி பெட்டி கைப்பேசியில் தெரியவில்லை. அந்த ரூட்டரில் டிஎச்சிபியின் 66, 67 என்ற இரு அமைப்புகளையும் (பூட் சர்வர் எது, கோப்பு எது என்று சொல்பவை) மாற்ற இடமே இல்லை. வீட்டு இணைப்புக்குத் தரப்படும் ரூட்டர்களில் பெரும்பாலும் இந்தக் கதைதான். தீர்வு, டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு நிரலைப் பிராக்ஸி டிஎச்சிபி முறையில் ஓட்டுவது. முகவரி கொடுக்கும் வேலையை ரூட்டரே பார்க்கும். டிஎன்எஸ்மாஸ்க் அதன் அருகில் நின்று பூட் கோப்பின் விவரத்தை மட்டும் சேர்த்துச் சொல்லும். ரூட்டரைத் தொடவே வேண்டியதில்லை. சிறு கடைக்கு இந்த வேலையைச் செய்ய நினைப்பவர் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

ஃபாக் ஏன் நிற்கவில்லை

ஃபாக் மூன்று வாரம் ஓடியது. பழுது எதுவும் இல்லை. அது எந்த உலகத்துக்காகச் செய்யப்பட்டதோ, கடை அந்த உலகத்தில் இல்லை என்பதுதான் சிக்கல்.

ஃபாக்கின் கணக்கில் ஒவ்வோர் இயந்திரமும் அதன் நெட்வொர்க் அட்டையின் மேக் முகவரியால் அடையாளம் காணப்படும். ஆய்வகத்தில் நாற்பது கணினிகள் பத்தாண்டு இருக்கும். அங்கே இது பொருத்தம். கடைக்கு வரும் மடிக்கணினி ஒருமுறை வந்து மூன்றாம் நாள் போய்விடும். அதைப் பட்டியலில் பதிவதே வீண். பதியாமலேயே இமேஜ் இறக்கும் வழி மெனுவில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தினோம். ஆனால் இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் லேன் துளையே கிடையாது. வைஃபை வழியாக பிஎக்ஸ்இ நடக்காது. எனவே யுஎஸ்பி லேன் அடாப்டர் வேண்டும். அப்போது மேக் முகவரி மடிக்கணினியுடையது அல்ல, அடாப்டருடையது. ஒருநாள் இளைய தொழில்நுட்பர் ஒரு மடிக்கணினியை முறைப்படி பதிந்து, அதற்கு இமேஜ் இறக்கும் வேலையையும் குறித்து வைத்துவிட்டு, வேறொரு அவசர வேலைக்காக அந்த அடாப்டரைக் கழற்றி அடுத்த மேசை மடிக்கணினியில் சொருகினார். சர்வரைப் பொறுத்தவரை வந்தது அதே இயந்திரம். இமேஜ் இறங்கத் தொடங்கியது. நல்லவேளையாக அந்த இரண்டாவது மடிக்கணினியில் போட்டிருந்தது அன்றுதான் உறை பிரித்த புது எஸ்எஸ்டி. அதில் வாடிக்கையாளரின் பழைய டிஸ்க் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மூவரும் சற்று நேரம் பேசாமல் நின்றோம். இந்த அடையாளக் குழப்பத்தைத் தவிர்க்க ஃபாக்கில் வழிகள் உண்டு. ஆனால் தவறினால் டிஸ்க் அழியும் ஓர் ஏற்பாட்டில், தானாக நடப்பது வசதி அல்ல என்ற முடிவுக்கு அன்றே வந்தேன்.

இரண்டாவது தடை பதிப்பு. எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவாக இறக்குவதற்கென்று நாங்கள் தயாரித்த ‘தங்க இமேஜ்’ விண்டோஸ் 11 புரோ. இங்கே கடைகளில் விற்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவை ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்போடு வருபவை. அதற்குரிய திறவுகோல் மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே எழுதப்பட்டிருக்கும். புரோ இமேஜை இறக்கினால் அந்தத் திறவுகோல் பொருந்தாது, ஆக்டிவேஷன் ஆகாது. வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய உரிமம் இருந்தும் திரை மூலையில் ‘ஆக்டிவேட் செய்’ என்று நிற்கும். அந்த இடத்தில் பல கடைகள் கிராக் நிரலை எடுக்கின்றன என்பது ஊரறிந்தது. மைக்ரோசாஃப்ட்டின் அசல் நிறுவல் கோப்பிலிருந்து முறையாகப் போட்டாலோ, நிறுவும் நிரலே ஃபர்ம்வேரைப் படித்து உரிய பதிப்பைத் தானே தேர்ந்துகொள்கிறது. மேலும், ஒரு கணினியில் ஓஇஎம் (கணினியோடு சேர்த்து விற்கப்படும்) விண்டோஸை அமைத்து அதை இமேஜாக்கிப் பிறர் கணினிகளில் இறக்க ஓஇஎம் உரிமம் இடம்கொடுப்பதில்லை. அந்த உரிமை, நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் வால்யூம் உரிமத்தோடு வருவது. ஆக, பலதரப்பட்ட இயந்திரங்கள் வந்துபோகும் கடையில் தங்க இமேஜ் என்பது சட்டப்படியும் நொண்டி, நடைமுறைப்படியும் நொண்டி.

டேலி ஃபோல்டர்

ஆகஸ்ட் கடைசியில் நடந்த ஒன்று முழு ஏற்பாட்டையும் திருப்பிப் போட்டது. ஒரு மருந்துக் கடையின் டெஸ்க்டாப் மெதுவாக இருக்கிறது என்று வந்தது. வழக்கம்போல டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவற்றை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, அதே டிஸ்க்கைத் துடைத்து விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் மருந்துக் கடைக்காரர் வந்து நின்றார். அவர் கணக்கு வைத்திருந்த டேலி மென்பொருளின் தரவு ஃபோல்டர் சி டிரைவில் நேரடியாக இருந்திருக்கிறது. பயனர் ஃபோல்டருக்குள் இல்லை. நகலெடுத்தவர் அங்கே பார்க்கவில்லை. அவருடைய ஆடிட்டரிடம் மார்ச் வரையிலான பேக்கப் இருந்ததால் ஐந்து மாதக் கணக்கை மட்டும் பில்களைப் பார்த்துத் திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது. அந்தக் கூலியைக் கடை உரிமையாளர்தான் கொடுத்தார்.

இதே வகையில் சிறு இழப்புகள் அதற்கு முன்பும் நடந்திருக்கின்றன என்பது பேசும்போது வெளிவந்தது. டிடிபி மையத்துக்காரர் ஒருவர், பாமினி உள்ளிட்ட பழைய எழுத்துருக்கள் எல்லாம் போய்விட்டன, பழைய அழைப்பிதழ்க் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது என்று திரும்பி வந்திருக்கிறார். எழுத்துருக்கள் இருப்பது விண்டோஸ் ஃபோல்டருக்குள். அதை யார் நகலெடுப்பார்? வாடிக்கையாளரிடம் “எதெல்லாம் வேணும்?” என்று கேட்டால் “எல்லாமே வேணும்” என்பார், அல்லது “ஒண்ணும் இல்ல, ஃபார்மட் அடிச்சுருங்க” என்பார். இரண்டையும் நம்பக் கூடாது.

பழுதுபார்ப்புக் கடைக்கு நெட்வொர்க் இமேஜிங் தேவைப்படுவது, தன்னிடம் உள்ள ஒரு டிஸ்க்கைப் பலருக்குப் பரப்புவதற்கு அல்ல. பலருடைய டிஸ்க்குகளைத் தொடுவதற்கு முன் அப்படியே எடுத்து வைப்பதற்கு. இறக்குவதைவிட எடுப்பதே முதல் வேலை. இந்தக் கோணத்தில் பார்த்ததும் தேர்வின் அளவுகோல்கள் மாறின. பட்டியலும் தானியங்கலும் பின்னால் போயின. எந்த இயந்திரத்திலும் எழும்புமா, எடுத்த இமேஜ் திரும்ப ஏறும் என்று சோதித்துச் சொல்லுமா, தனிக் கோப்பை அதிலிருந்து உருவ முடியுமா என்பவை முன்னுக்கு வந்தன.

குளோன்ஜில்லாவும் பூட்டிய டிஸ்க்குகளும்

தைவானின் தேசிய உயர்செயல்திறன் கணிப்பு மையத்தில் உருவான குளோன்ஜில்லா பார்ப்பதற்கு அழகானதல்ல. நீலப் பின்னணியில் எழுத்து மெனுக்கள், அம்புக்குறியால் நகர வேண்டும், ஒவ்வோர் இடத்திலும் ‘நிச்சயமா?’ என்று கேட்கும். ஃபாக்கில் எரிச்சலாகத் தோன்றியிருக்கக்கூடிய அந்தக் கேள்விதான் இங்கே எனக்குப் பிடித்தது. இரண்டும் உள்ளே பயன்படுத்துவது பார்ட்குளோன் என்ற ஒரே இயந்திரத்தைத்தான்: டிஸ்க் முழுவதையும் எடுக்காமல், கோப்புகள் உட்கார்ந்திருக்கும் இடங்களை மட்டும் எடுத்துச் சுருக்கி வைக்கும். 1 டிபி டிஸ்க்கில் 200 ஜிபி பயன்பாட்டில் இருந்தால் 200 ஜிபியைத்தான் படிக்கும். எடுத்து முடித்ததும் இமேஜ் திரும்ப ஏறக்கூடியதா என்று சோதிக்கும் வசதியும் உண்டு. ஒரே குறை, மூலத்தைவிடச் சிறிய டிஸ்க்கில் எளிதில் இறக்க விடாது. ஆனால் நாங்கள் இறக்கப் போவது அபூர்வம்.

இங்கே ஒரு பெரிய கண்ணியைச் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்தால், பெரும்பாலான இயந்திரங்களில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் முறையில் குறியாக்கம் ஆகிவிடும். வாடிக்கையாளருக்கு இது தெரியாது. பிட்லாக்கரின் திறவுகோலை மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு வைத்திருக்கும். இயந்திரம் வழக்கமான நிலையில் எழும்பினால் மட்டும் அதை விடுவிக்கும். கையொப்பமில்லாத நிரலை எழும்ப விடாத செக்யூர் பூட் அமைப்பை அணைத்தால் நிலை மாறிவிட்டதென்று எண்ணி 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கும். பிஎக்ஸ்இயின் மேம்பட்ட திறமூல வடிவமான ஐபிஎக்ஸ்இயில் நாங்கள் பயன்படுத்தியது போன்ற கையொப்பமில்லாத பூட் கோப்புகளுக்கு செக்யூர் பூட்டை அணைத்தே ஆக வேண்டும். அணைத்த தொழில்நுட்பர் அப்படியே விண்டோஸை எழுப்பிவிட்டால், வாடிக்கையாளர் கைப்பேசியில் “ஏதோ நம்பர் கேக்குதாமே?” என்று கேட்கும் நிலை வரும். திரும்ப இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றாலும், பிறர் டிஸ்க்கில் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பி வேலை செய்யக் கூடாது.

எனவே எழும்பும் வழியை இரண்டாகப் பிரித்தோம். இமேஜ் எடுக்கும் வழியில் ஷிம் என்ற கையொப்பமிட்ட பூட் கோப்பும், அதன் பின் உபுண்டு லினக்ஸ் தரும் கையொப்பமிட்ட கிரப் என்ற பூட் மெனு நிரலும், பிறகு உபுண்டு அடிப்படையிலான குளோன்ஜில்லாவும் வரும். இதில் செக்யூர் பூட்டைத் தொடுவதே இல்லை. விண்டோஸைப் புதிதாகப் போடும் வழியில் ஐபிஎக்ஸ்இ வரும். அங்கே டிஸ்க் எப்படியும் அழியப் போகிறது என்பதால் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைக்கலாம், முடிந்ததும் இயக்க வேண்டும். சில புது மடிக்கணினிகளில் மூன்றாம் தரப்புக் கையொப்பத்தை ஏற்கும் அமைப்பு தொழிற்சாலையிலிருந்தே அணைத்து வருகிறது. அவற்றில் ஷிம்மும் எழும்பாது. அங்கே விண்டோஸுக்குள் நுழைந்து மீட்புத் திறவுகோலைக் குறித்துக்கொண்ட பிறகே அமைப்பை மாற்ற வேண்டும்.

பூட்டிய நிலையிலேயே இமேஜ் எடுத்தால் எது கோப்பு, எது வெற்றிடம் என்று பார்ட்குளோனுக்குத் தெரியாது. ஒவ்வொரு செக்டாரையும் எடுக்கும். குறியாக்கம் செய்த தரவு சுருங்கவும் செய்யாது. 512 ஜிபி எஸ்எஸ்டியில் 60 ஜிபி மட்டுமே பயன்பாட்டில் இருந்தாலும் 512 ஜிபியும் வரும்; ஜிகாபிட் இணைப்பிலேயே பத்து நிமிடத்துக்குப் பதில் ஒன்றேகால் மணிக்கும் மேல் ஆகிவிடும் என்றால் பொறுக்கலாம், சர்வரில் இடம் போவதுதான் வலிக்கிறது. விண்டோஸ் எழும்பும் நிலையில் இருந்தால், வாடிக்கையாளர் எதிரிலேயே கடவுச்சொல் போடச் சொல்லி, குறியாக்கத்தை நீக்கிவிட்டு எடுப்பது வழக்கமாயிற்று. அதே நேரத்தில், ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பாதித் தூக்கத்தில் விட்டுவிட்டுப் போன பார்ட்டிஷனைப் பார்ட்குளோன் எடுக்க மறுக்கும்.

செக்டார் போன டிஸ்க்குகளை இந்த வழியில் கொண்டுவருவதே இல்லை என்பதும் விதி. கடகட சத்தம் வருகிறதென்றால் அதைக் கழற்றி, நேரடியாக ஒரு டெஸ்க்டாப்பில் மாட்டி, டிடிரெஸ்க்யூ போட வேண்டும். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், எங்கே விட்டோம் என்று தனிக் கோப்பில் குறித்து வைத்துக்கொண்டு பிறகு திரும்ப முயல்வது அதன் வேலை.

நான்கு கம்பிகள்

சர்வருக்குக் கடையின் மூலையில் கிடந்த நான்காம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப்பே போதுமானதாக இருந்தது. புதிதாக வாங்கியது 4 டிபி ஹார்ட் டிஸ்க், எட்டுத் துளை ஜிகாபிட் சுவிட்ச், யுஎஸ்பி லேன் அடாப்டர் மூன்று, ஒரு யுபிஎஸ். எல்லாம் சேர்ந்து இருபதாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது, அதில் பாதிக்கு மேல் டிஸ்க்குக்கே போயிற்று. சர்வரைப் போலவே சுவிட்சையும் யுபிஎஸ்ஸில் மாட்டினோம். எங்கள் பக்கத்து மின்வெட்டு இரண்டு நிமிடம்தான் நீடிக்கும், ஆனால் அந்த இரண்டு நிமிடம் ஒரு மணி நேர இமேஜைக் கெடுத்துவிடும்.

சோதனை ஓட்டத்தில் முதல் இரண்டு மேசைகளிலும் வேகம் எதிர்பார்த்தபடி நொடிக்கு 100 எம்பியை ஒட்டி இருந்தது. மூன்றாவது மேசையில் 11ஐத் தாண்டவில்லை. “அண்ணாச்சி, இது அஞ்சு மணி நேரம்னு காட்டுது” என்றார் இளைய தொழில்நுட்பர். 11 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிட்டது: அது 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்) இணைப்பின் உச்சம். சுவிட்சில் மற்ற துளைகளில் பச்சை விளக்கு, அந்தத் துளையில் மட்டும் மஞ்சள். அடாப்டரை மாற்றினோம், துளையை மாற்றினோம், மஞ்சள் மாறவில்லை. கடைசியில் சுவரோரம் ஓடிய கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, கண்ணாடி போன்ற அந்தக் கனெக்டருக்குள் எட்டுக் கம்பிக்குப் பதில் நான்குதான் இருந்தன: ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு. நீலமும் பழுப்பும் உறைக்குள்ளேயே வெட்டி மடக்கிவிடப்பட்டிருந்தன. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு அந்த நான்கு போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். இணையம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் யாரோ அவசரத்தில் கிரிம்ப் செய்துவிட்டுப் போனது, ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. பத்து ரூபாய்க் கனெக்டர் இரண்டு மாற்றியதும் பச்சை எரிந்தது.

அந்தக் கேபிளை அப்போதே கண்டுபிடித்தது பின்னால் ஒரு பெரிய வேலையில் உதவிற்று. தட்டச்சு, கணினிப் பயிற்சி மையம் ஒன்றிலிருந்து ஒரே மாதிரியான 22 டெஸ்க்டாப்புகளுக்கு லினக்ஸ் மின்ட் போட வேண்டும் என்று வந்தார்கள். இங்கேதான் தங்க இமேஜுக்கு உண்மையான இடம். உரிமச் சிக்கலும் இல்லை. குளோன்ஜில்லாவின் மல்டிகாஸ்ட் வழியில் சர்வர் ஒரு தடவை அனுப்பினால் இணைத்திருக்கும் எல்லா இயந்திரங்களும் ஒருசேர வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தக் கூட்டத்தின் வேகம் அதில் மிக மெதுவான ஒன்றின் வேகம்தான். ஒரு மேசையில் நான்கு கம்பிக் கேபிள் இருந்திருந்தால் அத்தனையும் நொடிக்கு 11 எம்பியில் நடந்திருக்கும். மல்டிகாஸ்ட் ஓடும் நேரத்தில் வைஃபையைத் துண்டித்து வைக்க வேண்டும் என்பதையும் அன்று கற்றோம்; சாதாரண சுவிட்ச் அந்தப் போக்குவரத்தை எல்லாத் துளைக்கும் வாரி இறைக்கும், ரூட்டர் அதை வைஃபையிலும் தள்ளிக் கடையின் கைப்பேசிகளை முடக்கிவிடும்.

ஓஎஸ் போடும் வழி

விண்டோஸுக்கு இமேஜே இல்லாத முறையைத் தேர்ந்தோம். ஐபிஎக்ஸ்இ, விம்பூட் என்ற நிரலின் உதவியோடு விண்டோஸ் பிஇயை (நிறுவலுக்கென்று உள்ள சிறு விண்டோஸ்) எச்டிடிபி வழியாக இறக்கி எழுப்பும். அது சர்வரில் சாம்பா நிரல் நெட்வொர்க்கில் பகிரும் ஃபோல்டரை இணைத்துக்கொண்டு, மைக்ரோசாஃப்ட்டின் அசல் நிறுவல் நிரலை ஓட்டும். பிஎக்ஸ்இயில் வழக்கமாகக் கோப்பு இறக்கும் பழைய டிஎஃப்டிபி முறை ஒவ்வொரு துண்டுக்கும் பதில் வந்த பிறகே அடுத்த துண்டை அனுப்பும் இயல்புடையது. அரை ஜிபிக்கு மேல் உள்ள பிஇயை அதில் இறக்கினால் தேநீர் குடித்துவிட்டு வரலாம். பதிப்பை ஃபர்ம்வேர் முடிவு செய்கிறது. மொழி, நேர மண்டலம் போன்றவை முன்பே எழுதிய பதில் கோப்பிலிருந்து வருகின்றன. நிறுவல் முடிந்ததும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் வழக்கமான நிரல்களை அதே பகிர்விலிருந்து ஏற்றுகிறது. நிறுவல் கோப்பை மாதம் ஒருமுறை புதிதாக இறக்கி வைப்பதால் அப்டேட் நேரம் வெகுவாகக் குறைந்தது. டிஸ்க் பார்ட்டிஷனை மட்டும் பதில் கோப்பில் எழுதவில்லை. எந்த டிஸ்க்கைத் துடைப்பது என்பதை மனிதர்தான் திரையில் பார்த்துத் தேர வேண்டும்.

இந்த வழியில் தொல்லை கொடுப்பவை டிரைவர்கள். 2.5 ஜிகாபிட் அட்டை உள்ள புது மதர்போர்டுகளில் பிஇ எழும்பிவிடும், ஆனால் நெட்வொர்க் இருக்காது. பதினோராம் தலைமுறை முதலான இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் விஎம்டி என்ற டிஸ்க் நிர்வாக அமைப்பு இயக்கத்தில் இருப்பதால் நிறுவல் நிரலுக்கு எஸ்எஸ்டியே தெரியாது. இரண்டுக்கும் உரிய டிரைவர்களை டிஸ்ம் என்ற மைக்ரோசாஃப்ட் கருவி மூலம் பிஇக்குள் சேர்த்துக்கொண்டே போகிறோம். இளைய தொழில்நுட்பர் இதற்கென ஒரு நோட்டு வைத்து, மாடல் பெயரையும் சேர்த்த நாளையும் எழுதுகிறார். அந்த நோட்டைச் சர்வருக்கு மேலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

பிறர் தரவு

வாடிக்கையாளர்களின் முழு டிஸ்க்குகளும் ஒரே பெட்டியில் குவியத் தொடங்கியதும், அந்தப் பெட்டி கடையிலேயே மிக ஆபத்தான பொருளாயிற்று. குடும்பப் படங்கள், வங்கி அறிக்கைகள், பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் அதில் உண்டு. சர்வரின் தரவு டிஸ்க் முழுவதையும் லினக்ஸின் லக்ஸ் முறையில் குறியாக்கம் செய்தோம். மின்வெட்டுக்குப் பிறகு சர்வர் எழும்பினால் உரிமையாளரோ மூத்த தொழில்நுட்பரோ வந்து கடவுச்சொல் இட்டால்தான் திறக்கும். ஜாப் ஷீட்டில் ஒரு பத்தி சேர்த்தோம்: வேலைக்கு முன் முழு நகல் எடுக்கப்படும், இயந்திரத்தைத் திரும்பக் கொடுத்த 15 நாளில் அழிக்கப்படும், நகல் வேண்டாமென்றால் இங்கே கையொப்பமிடவும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்திருக்கிறது. ஒப்புதல் பெறுவதும் நோக்கம் முடிந்ததும் அழிப்பதும் அதன் அடிப்படைகள். அது இல்லாவிட்டாலும் இதைச் செய்திருப்போம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆறு மாதம் கழித்து

2026 மார்ச்சில் மறுபடியும் இரண்டு நாள் உட்கார்ந்து குறித்தேன். ஓர் இயந்திரம் கடையில் இருக்கும் மொத்த நேரம் குறையவில்லை. 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் உள்ளவற்றில் இமேஜ் எடுக்கும் நேரமும் சேர்வதால் கூடியே இருக்கிறது. ஆளின் கை அதில் இருக்கும் நேரம்தான் பாதிக்கும் கீழே போயிருக்கிறது. மாலையில் மூன்று இயந்திரங்களில் இமேஜ் எடுக்க விட்டுவிட்டு மதர்போர்டு வேலையைப் பார்க்கிறார்கள். செலரான் போன்ற மெல்லிய பிராசசர்களில் சுருக்கும் வேலையே தடையாகிறது, ஏனென்றால் சுருக்குவது சர்வர் அல்ல, வாடிக்கையாளரின் இயந்திரம். அவற்றுக்குக் குறைந்த சுருக்கம் வைத்துக்கொள்கிறோம்.

டேலி போல முழு இழப்பு அதன்பின் நடக்கவில்லை. நான்கு பேர் திரும்ப வந்து ஏதோ ஒன்றைக் காணோம் என்றார்கள். மூவருக்கு இமேஜிலிருந்து எடுத்துக் கொடுத்தாயிற்று. நான்காமவர் வந்தது பத்தொன்பதாம் நாள், இமேஜ் அழிந்திருந்தது. அன்றிலிருந்து உரிமையாளர் 15ஐ 30 ஆக்கச் சொல்கிறார். 4 டிபி தாங்காது, அடுத்தவர் தரவு அவ்வளவு நாள் நம்மிடம் இருக்கவும் கூடாது என்பது என் வாதம். 15 நாள் என்று அச்சடித்த ஜாப் ஷீட் கட்டு இன்னும் இரண்டு மீதி இருக்கிறது. அது தீரும்வரை 15தான் என்று இப்போதைக்கு விட்டிருக்கிறோம்.